மருத்துவ ஆய்வை வாசிப்பது எப்படி? காசநோயை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால், பெரும்பாலோர் சுருக்கத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். "இந்தச் சிகிச்சை பலன் தருகிறது" என்று அங்கே இருக்கும். செய்தித்தாளும் அதைத்தான் எடுத்துப் போடும். அந்த வரி கட்டுரையாளர்களின் கருத்து. உண்மையில் என்ன நடந்தது என்பது உள்ளே அட்டவணைகளில் இருக்கிறது. அதைப் படிக்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும்.

உதாரணத்துக்குக் காசநோயை எடுத்துக்கொள்கிறேன். நோயைக் கண்டறிவது, குணப்படுத்துவது, பிறகு தொடர்ந்து கவனிப்பது ஆகிய மூன்றிலும் உலகையே திருப்பிப்போட்ட ஆய்வுகள் இந்த ஒரு நோயில் கிடைக்கின்றன. அவற்றில் சில நம் சென்னையிலும் செங்கல்பட்டிலும் நடந்தவை.

படி 1: கேள்வி எந்த வகை என்று பாருங்கள்

ஆய்வுகள் கேட்கும் கேள்விகளைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரித்துவிடலாம். இந்த டெஸ்ட் நோயைச் சரியாகப் பிடிக்கிறதா? இந்தச் சிகிச்சை மற்றதைவிட நல்லதா? சிகிச்சை முடிந்தபின் வருடங்கள் போனால் நோயாளி என்ன ஆகிறார்? முதல் கேள்விக்கு, ஒரே ஆளுக்கு இரண்டு டெஸ்ட் எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டாவதற்கு, சீட்டுக் குலுக்கி நோயாளிகளை இரண்டு பிரிவாக்க வேண்டும். மூன்றாவதற்குப் பொறுமை வேண்டும், வேறு வழியில்லை. கேள்வி ஒன்று, செய்த முறை வேறொன்று என்றால் அந்தக் கட்டுரையை அங்கேயே கீழே வைத்துவிடலாம்.

படி 2: பதிவேட்டில் தேடுங்கள்

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கட்டுரையில் பதிவு எண் இருக்கும். அதை அங்கே போட்டுத் தேடுங்கள். பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தார்களா, முதன்மை விளைவு (முக்கியமாக எதை அளக்கப் போகிறோம்) என்று அன்று எதை எழுதினார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். "மரணத்தைக் குறைக்கிறதா என்று பார்க்கப் போகிறோம்" என்று பதிவில் சொல்லியிருப்பார்கள். கட்டுரையிலோ "மருத்துவமனையில் தங்கும் நாள் குறைந்தது" என்பது தலைப்பாகியிருக்கும். மரணம் குறையவில்லை, எது குறைந்ததோ அதைத் தலைப்பில் போட்டுவிட்டார்கள் என்று பொருள். முன்பெல்லாம் ஆய்வு முடிந்த பிறகுகூட இங்கே பதிவு செய்ய முடிந்தது. 2018 ஏப்ரல் முதல், தொடங்குவதற்கு முன் பதிவு செய்பவற்றை மட்டுமே ஏற்கிறார்கள். நல்ல மாற்றம், கொஞ்சம் தாமதமாக வந்தது.

படி 3: யாரை வைத்துச் செய்தார்கள்?

"வயது 18 முதல் 65 வரை, சர்க்கரை நோய் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள் தவிர" என்று ஒரு பத்தி இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகும் பத்தி அதுதான். உங்கள் அப்பாவுக்கு 72 வயது, சர்க்கரையும் இருக்கிறது என்றால், அவரைப் போன்ற ஒருவர்கூட அந்த ஆய்வில் இல்லை. முடிவு அவருக்குப் பொருந்தாது என்று அர்த்தமில்லை. பொருந்தும் என்று ஆய்வு நிரூபிக்கவில்லை என்றுதான் அர்த்தம். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

படி 4: டெஸ்ட் பற்றிய ஆய்வு என்றால், நான்கு எண்களை எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். நோய் இருந்து டெஸ்ட் பாசிட்டிவ். நோய் இருந்தும் நெகட்டிவ். நோய் இல்லாமலே பாசிட்டிவ். நோய் இல்லை, டெஸ்டும் நெகட்டிவ். "95 சதவீதம் துல்லியம்" என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள், இந்த நான்கு எண்களையும் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிற, நோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிற ஒரு டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். மார்பு நோய் ஓ.பி.யில் இருமலோடு வரும் 1000 பேரிடம் அதைச் செய்கிறோம். அவர்களில் 100 பேருக்குக் காசநோய் இருக்கிறது என்றால், 90 பேர் சிக்குவார்கள், 10 பேர் தப்புவார்கள். மீதி 900 பேரில் 90 பேருக்கு வீணாகப் பாசிட்டிவ் வரும். ஆக பாசிட்டிவ் 180. அதில் பாதிதான் உண்மை.

அதே டெஸ்டைத் தூக்கிக்கொண்டு, 1000 பேரில் 10 பேருக்கு மட்டும் நோய் இருக்கும் இடத்துக்குப் போங்கள். 9 பேர் உண்மையாகச் சிக்குவார்கள். நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட 108 பேரில் 12-ல் ஒருவருக்குத்தான் நோய். டெஸ்ட் மாறவில்லை, கிட் மாறவில்லை, செய்த ஆளும் மாறவில்லை. பாசிட்டிவ் என்பதன் மதிப்பு மட்டும் சரிந்துவிட்டது. உடல்நலத்தோடு இருப்பவர்களை முழு உடல் பரிசோதனைக்கு அழைக்கும் பேக்கேஜ் விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிஜமான ஓர் ஆய்வு. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கும் எக்ஸ்பெர்ட் கருவியைப் பற்றிய முக்கியமான ஆய்வு 2010-இல் வந்தது. பெரு, அஜர்பைஜான், தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1730 பேரிடம் நடந்தது; இந்தியாவில் மும்பையில் நடந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்டது கல்ச்சரை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்த முறைக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் நம்பகமானது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது அதுதான்.

மைக்ராஸ்கோப்பிலேயே கிருமி தெரிந்த நோயாளிகள் 561 பேரில் 551 பேரை எக்ஸ்பெர்ட் ஒரே தடவையில் பிடித்தது: 98.2 சதவீதம். ஆனால் மைக்ராஸ்கோப்பில் தெரியாமல், கல்ச்சரில் மட்டும் வளர்ந்த 171 பேரில் 124 பேரைத்தான் பிடித்தது: 72.5 சதவீதம். ஒரே கருவி, ஒரே ஆய்வு, இரண்டு எண்கள். கிருமி நிறைய இருப்பவரிடம் எந்த டெஸ்டும் நன்றாகத்தான் வேலை செய்யும். நமக்கு டெஸ்ட் தேவைப்படுவது பழைய முறையில் தெரியாதவர்களுக்கு. ஆகவே நாம் பார்க்க வேண்டிய எண் இரண்டாவது. நோய் இல்லாத 609 பேரில் 604 பேருக்குச் சரியாக நெகட்டிவ் வந்தது. இதுதான் அந்தக் கருவியின் உண்மையான பலம் என்பேன்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோயைச் சொல்லும் டெஸ்டுகள் இந்தியத் தனியார் லேப்களில் பல வருடம் சக்கைப்போடு போட்டன. சளி தேவையில்லை, ஊசி போட்டு ரத்தம் எடுத்தால் போதும், சுலபம். ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது பொய்ப் பாசிட்டிவும் பொய் நெகட்டிவும் சகட்டுமேனிக்கு இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் "இவற்றைப் பயன்படுத்தாதீர்கள்" என்றே சொன்னது. 2012-இல் இந்திய அரசு தடை விதித்தது. அதுவரை எத்தனை பேர் தேவையில்லாமல் ஆறு மாதம் மாத்திரை விழுங்கினார்களோ.

இன்னொன்றையும் கவனியுங்கள்: கல்ச்சர் முடிவைப் படித்தவருக்குப் புது டெஸ்டின் முடிவு முன்பே தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் கண் தானாக அந்தப் பக்கம் சாயும்.

படி 5: சிகிச்சை ஆய்வு என்றால், சீட்டை யார் குலுக்கினார்கள்?

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபோது பிரிட்டனில் போருக்குப் பிந்தைய பணத் தட்டுப்பாடு. எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. அந்தப் பற்றாக்குறையே ஒரு நல்ல ஆய்வுக்கு வழி செய்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் திட்டம் போட்டுக் கொடுக்க, 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்ப்பதென்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

இந்த உறைதான் விஷயம். அடுத்து வருவது மருந்துச் சீட்டு என்று டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால், பிழைப்பார் என்று தோன்றும் நோயாளியை அவர் அந்த இடத்துக்குத் தள்ளிவிடலாம், நல்லெண்ணத்தோடேகூடச் செய்யலாம். அப்புறம் குணமானது மருந்தாலா, ஆளைப் பொறுக்கியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்-ரே படங்களைப் பார்த்தவர்களுக்கும் எந்தப் படம் எந்தப் பிரிவு என்று சொல்லப்படவில்லை. கட்டுரையில் "சீரற்ற முறையில் பிரித்தோம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் போதாது. எப்படிப் பிரித்தார்கள், பிரிக்கும் பட்டியல் யாரிடம் இருந்தது என்பது எழுதியிருக்க வேண்டும்.

ஆறு மாத முடிவில் மருந்துப் பிரிவில் 4 பேர், மற்றப் பிரிவில் 14 பேர் இறந்திருந்தார்கள். அதாவது 7 சதவீதமும் 27 சதவீதமும். 1948-இல் வெளியானது. இந்த ஆய்வை மறந்துவிடாதீர்கள், படி 8-இல் மறுபடி வருகிறது.

படி 6: சதவீதத்தைத் தலைகளாக மாற்றுங்கள்

"39 சதவீதம் குறைந்தது" என்று படித்தால் முதல் வேலையாகக் கேட்க வேண்டியது: எதிலிருந்து எதற்கு?

ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ராஷன்ஸ் ஆய்வு இதற்கு அருமையான உதாரணம். காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்குச் சத்தான உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்பது கேள்வி. 2800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். நோயாளிகளுக்கு எல்லா வீட்டிலும் உணவுப் பொருள் கிடைத்தது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். இங்கே சீட்டுக் குலுக்கியது ஆள் ஆளாக அல்ல, அரசுக் காசநோய்த் திட்டத்தின் உள்ளூர்ப் பிரிவுகளான காசநோய் அலகு அலகாக. ஆள் ஆளாக எப்படிச் செய்ய முடியும்? ஒரே அடுப்பில் வேகும் சோற்றை ஒருவருக்குப் போட்டு இன்னொருவருக்கு இல்லை என்று எந்த அம்மா சொல்வாள்?

வீட்டாருக்கும் உணவு கிடைத்த பிரிவில் 1.7 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, மற்றதில் 2.6 சதவீதம். எத்தனை காலம் கவனித்தார்கள் என்பதையும் மற்ற வித்தியாசங்களையும் கணக்கில் சேர்த்தால் 39 சதவீதக் குறைவு வருகிறது. தலைகளாக மாற்றினால் 100 பேருக்கு ஒருவரைவிடக் கொஞ்சம் குறைவு. சுமார் 111 பேருக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம்.

39 என்றால் பிரமாண்டம், 111-இல் ஒன்று என்றால் அற்பம் என்று தோன்றுகிறதா? இரண்டும் ஒரே முடிவுதான். என்னைக் கேட்டால் இது பெரிய வெற்றி: கொடுத்தது அரிசியும் பருப்பும், பக்க விளைவு என்று பயப்பட ஒன்றுமில்லை. விலை அதிகமான, ஈரலைப் பாதிக்கிற ஒரு மருந்து இதே எண்ணைக் காட்டியிருந்தால் எனக்குத் தயக்கம் வந்திருக்கும். எண்ணை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அந்த 111 பேர் அதற்காக என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பி மதிப்பு (தற்செயலாக மட்டுமே இப்படியொரு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்) பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதைவிட, முடிவோடு தரப்படும் மேல்-கீழ் எல்லையைப் பாருங்கள். 39 சதவீதக் குறைவை "0.61" மடங்கு என்று சொல்லி "இதிலிருந்து இதுவரை இருக்கலாம்" என்று இரண்டு எண் கொடுத்திருப்பார்கள். கீழ் எண்ணே உண்மையாக இருந்தால் என்ன முடிவு எடுப்பீர்கள், மேல் எண் உண்மையானால் என்ன என்று யோசியுங்கள். இரண்டுக்கும் ஒரே முடிவு என்றால் ஆய்வு போதுமான அளவு பெரியது.

படி 7: காணாமல் போனவர்களைத் தேடுங்கள்

எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசியில் எத்தனை பேர் கணக்கில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு வரைபடம் பெரும்பாலும் கட்டுரையின் முதல் படமாக இருக்கும். 100 பேர் சேர்ந்து 70 பேர் மிஞ்சியிருக்கிறார்கள், 63 பேர் குணம். 90 சதவீதம் வெற்றி என்று எழுதலாம். விட்டுப்போன 30 பேரும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் நின்றவர்கள் என்றால்? அப்போது 63 சதவீதம். ஆகவே சீட்டு விழுந்த பிரிவிலேயே ஒவ்வொருவரையும் கடைசிவரை எண்ண வேண்டும், மருந்தை நிறுத்தியிருந்தாலும் சரி. "மருந்தை முழுமையாக எடுத்தவர்களில்" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள்.

படி 8: எத்தனை நாள் கவனித்தார்கள்?

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஃபாலோ-அப் நீளும்போது முடிவு புரண்டுபோகும்.

ஸ்ட்ரெப்டோமைசினுக்கே வருவோம். மரணத்தில் ஆறு மாதத்தில் 4-க்கு 14 என்றிருந்த வித்தியாசம் ஐந்து ஆண்டுகள் கழித்து 55-இல் 32, 52-இல் 35 என்று ஆகியிருந்தது. தனி மருந்தாகக் கொடுத்ததால் கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆறு மாதத்தோடு நிறுத்தியிருந்தால் உலகம் அதை அதிசய மருந்தென்றே சொல்லிக்கொண்டிருக்கும். கூட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்ற பாடம் அந்தத் தோல்வியிலிருந்து வந்தது.

அந்த ஐந்தாண்டு அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்தான் 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையத்துக்கு வந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நாலும் சேர்ந்து அமைத்த மையம். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்.

அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியம், அதாவது காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை. தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சுத்தமான காற்று, ஓய்வு, பால், முட்டை இல்லாமல் குணமாகாது என்று நம்பினார்கள். ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் எங்கே காணும்? மையம் ஓர் எளிய கேள்வி கேட்டது: ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்தையும் ஓராண்டு வீட்டிலேயே கொடுத்தால் என்ன? நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். வீட்டுப் பிரிவினர் நெரிசலான குடியிருப்பில், குறைவான சாப்பாட்டில், உழைத்துக்கொண்டே மருந்து சாப்பிட்டார்கள்.

மருந்து சாப்பிட்டார்களா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உடம்பில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளி சொன்னதை மட்டும் எழுதிக்கொள்ளும் ஆய்வுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

1959-இல் முடிவு வந்தது. ஓராண்டில் நல்ல பலன் கண்டவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். 6 சதவீத வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்கலாம். பிரிவுக்கு நூறு பேருக்கும் குறைவாக இருக்கும்போது இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடும். எதிர்ப்பாளர்களின் நிஜமான பயம் வேறு: வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? அதற்குப் பதில் சொல்ல ஓராண்டு போதாது. இரு பிரிவின் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து இல்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டிருந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஃபாலோ-அப் ஆசையைக் கலைத்த கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பி.சி.ஜி. தடுப்பூசி நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில் 2.8 லட்சம் பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டார்கள். பதினைந்து ஆண்டுக் கணக்கில், பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து அது பாதுகாப்பு தரவில்லை என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு "பி.சி.ஜி. வீண்" என்று கிளம்பிவிடக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுக்கத்தான் இன்றும் பிறந்தவுடன் அதைப் போடுகிறார்கள். செங்கல்பட்டு ஆய்வு கேட்ட கேள்வி அதுவல்ல.

படி 9: உங்களையே ஆய்வில் சேரச் சொன்னால்

ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் மருந்து கிடைக்காத பிரிவினருக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. இந்தியாவில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் 2019 நடைமுறையில் இருக்கின்றன. உங்களுக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும், ஒப்புதல் படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். திரும்பப் போகும்போது கேளுங்கள்: நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? எந்த மருந்தோடு எதை ஒப்பிடுகிறீர்கள்? வந்து போகும் செலவு யாருடையது? ஆய்வு முடிந்த பிறகு எவ்வளவு காலம் என்னைப் பார்ப்பீர்கள்? ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வு செய்யும் டாக்டரிடம் கேட்கச் சங்கடமானதை அங்கே கேட்கலாம்.